போர் காட் ரயில் பாதை: ஒப்பந்தக்காரர் ஏன் பாதியில் விட்டார், பாலம் ஏன் விழுந்தது?

சிக்னல்கை:
பம்பாய்–புனே பாதையில் போர் காட் என்ற மேற்குத் தொடர்ச்சி மலை ஏற்றத்தை ஒப்பந்தக்காரர் ஃபேவியல் 1856-ல் தொடங்கி 1859-ல் பாதியில் கைவிட்டார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். காரணத்தை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அன்றைய ரயில் கம்பெனிகளுக்கு அரசு 5% வட்டி உத்தரவாதம் கொடுத்திருந்தது. எவ்வளவு செலவானாலும் பணம் வரும் என்றால் ஒப்பந்தக்காரர் ஏன் ஓட வேண்டும்? இன்னொன்று. அதே பாதையில் மாவ்-கி-மல்லி வளைவுப் பாலம் 1867 மழைக்காலத்தில் தானாகச் சரிந்தது. திறந்து நாலே வருடம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

பழைய_ஏடு:
முதல் கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 5% யாருக்கு? லண்டனில் பங்கு வாங்கியவருக்கு. ஒப்பந்தக்காரருக்கு அதில் தம்படி கிடையாது.

1849-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயும், இந்தப் பம்பாய்ப் பாதையைப் போட்ட ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நிலம் இலவசம், குத்தகை 99 வருடம். போட்ட முதலுக்கு 5% வராவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து அரசு நிரப்பும். ஆக, செலவு ஏறினால் பங்குதாரர் முதல் கூடும், வட்டியும் கூடும். அவர் ஏன் கவலைப்படப் போகிறார்? நிதி உறுப்பினராக இருந்த மாஸி 1872-ல் பாராளுமன்றக் குழு முன்னால் இதை உடைத்தே சொன்னார்: ஐந்து சதவீதம் உறுதி என்றான பிறகு, பணத்தை ஹூக்ளியில் கொட்டினாலும் செங்கல் சுண்ணாம்பாக மாற்றினாலும் ஆங்கில முதலாளிக்கு ஒன்றுதான் என்று.

ஒப்பந்தக்காரர் நிலைமை வேறு. அவர் கையெழுத்துப் போட்டது கம்பெனியோடு, முன்கூட்டியே முடிவான விலைக்கு. இத்தனை கன கஜம் பாறை வெட்ட இவ்வளவு, இத்தனை கன கஜம் கட்டுமானத்துக்கு இவ்வளவு என்று. கூலி ஏறினாலோ, காலரா வந்து ஆட்கள் ஓடினாலோ, பாறை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தாலோ நஷ்டம் அவர் தலையில். உத்தரவாதக் குடை கம்பெனி வாசலோடு முடிந்துவிட்டது.

கருங்கல்:
ஏடு சொன்னது சரி. அந்தப் பாறை எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 196 அடி, உச்சி 2,027 அடி. ஏற்றம் 1,831 அடி. பாதை நீளம் ஏறத்தாழ 15¾ மைல். வகுத்துப் பாருங்கள், சராசரி 45-46-க்கு 1 வரும், அதாவது 45-46 அடி போனால் ஓரடி ஏற்றம். மோசமான இடத்தில் 37-க்கு 1. இதற்குள் 25 சுரங்கம், எல்லாம் சேர்த்தால் இரண்டேகால் மைல். எட்டு பெரிய வளைவுப் பாலம். நடுவில் ஓரிடத்தில் மலை விளிம்பில் திருப்ப இடமே இல்லாததால் வண்டி முட்டுப்பாதையில் போய் நின்று, இன்ஜின் மறுமுனைக்கு மாறி, எதிர்த் திசையில் ஏறும்படி ஒரு திருப்பு நிலையம். அது 1920களின் இறுதி வரை இருந்தது. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி 1862-ல் இறந்துவிட்டார், பாதை முழுதாக ஓடியதை அவர் பார்க்கவில்லை.

பாறை எரிமலைக் குழம்பு இறுகியது. அடுக்கு அடுக்காக இருக்கும். ஓரடுக்கு உளி முனையை மழுக்கும், அடுத்த அடுக்கு ஓட்டை ஓட்டையாக உதிரும். டைனமைட் கிடையாது, நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1867-ல்தான். கடப்பாரை உளியால் கையடியில் துளை போட்டு, கருமருந்து நிரப்பி, திரி வைத்து, களிமண் இடித்து அடைத்து வெடிக்க வேண்டும். மருந்து ஈரமானால் வேலை நின்றது. இடிக்கும் கம்பி இரும்பாக இருந்தால் பாறையில் உரசிப் பொறி பறந்து, அடைக்கும்போதே வெடிக்கும். செம்புக் கம்பி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி, ஆயிரக்கணக்கான துளைக்கு அதைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் பாடு. வெடிக்காத துளையைத் தோண்டிப் பார்க்கப் போனவர்கள் கதை தனி.

இன்னொரு கணக்கையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த மலையில் வேலை நடக்காது. ஆட்கள் விதைப்புக்கு ஊர் போய்விடுவார்கள். அக்டோபரில் முன்பணம் கொடுத்துத் திரும்பவும் திரட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து. 1861 ஜனவரியில் உச்சமாக 42,000 பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தானியம், தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் ஊற்றுகள் வற்றும், குடிக்கும் தண்ணீர் கெடும், காலரா வரும். எட்டு மாத வேலைக் காலத்தில் கடைசி இரண்டு மாதம் இப்படிப் போகும்.

சிக்னல்கை:
நன்றி கருங்கல் சார். அப்படியானால் ஃபேவியல் விட்டது நஷ்டத்தாலா? 1859-ல் தொழிலாளர் கலவரம் என்றும் சொல்கிறார்களே?

பழைய_ஏடு:
இரண்டும் ஒரே நூலின் இரண்டு முனை. 1859 ஜனவரியில் கலவரம், மார்ச்சில் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தார். கலவரத்துக்குக் காரணம் கூலி: பாக்கி நின்றது, பேசிய தொகைக்குக் குறைவாகக் கைக்கு வந்தது.

ஃபேவியலை அனுபவமில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். 1853 ஏப்ரல் 16-ல் ஓடிய முதல் பம்பாய்–தானே பாதையைப் போட்டதே ஃபேவியல்–ஃபவுலர் கூட்டுதான். அது சமதளம், 21 மைல். அங்கே எடுபட்ட முறை மலையில் எடுபடவில்லை.

முறை இப்படி: ஒப்பந்தக்காரர் தன் வேலையைத் துண்டு துண்டாக உள் ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பார். அவர் முகாதமுக்கு. நம் பக்கத்து மேஸ்திரி, கங்காணிக்கு நிகர். முகாதம் தன் ஆட்களுக்கு. கம்பெனிப் பொறியாளர் மாதம் ஒருமுறை அளந்து சான்று கொடுத்தால்தான் மேலே பணம் இறங்கும். அளவு தள்ளிப்போனால் அல்லது குறைத்து எழுதினால் ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையை வைத்துக்கொண்டு மீதியைக் கீழே விடுவார். கடைசியில் கல் சுமந்த பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? முன்பணத்தில் கழித்தது போக எதுவுமில்லை.

இந்த மாதிரித் தகராறுகள்தான் 1860-ன் 9-ஆம் சட்டத்துக்கு வழி வைத்தன. ரயில்வே, கால்வாய் முதலான வேலைகளில் கூலித் தகராறை மாஜிஸ்திரேட் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்கலாம் என்றது. அதே சட்டம், ஒத்துக்கொண்ட வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்குத் தண்டனையும் வைத்தது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் படிக்கலாம்.

மண்வெட்டி:
கூலி எங்கே போனது என்பதற்கு அளவு முறையைப் பார்க்க வேண்டும். இது போர் காட்டுக்கு மட்டுமல்ல, சமவெளியில் இன்னும் அதிகம்.

மண்கரை வேலைக்கு அளவு ஆயிரம் கன அடிக்கு இவ்வளவு என்று. ஒரு உதாரணம் போடுகிறேன். கரை மேலகலம் 18 அடி, உயரம் 10 அடி, சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது ஓரடி உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி வெளியே. அடியகலம் 48 அடி. குறுக்குப் பரப்பு (18+48)÷2×10 = 330 சதுர அடி. ஒரு சங்கிலி 66 அடி, ஆக ஒரு சங்கிலிக்கு 21,780 கன அடி. உயரத்தை 20 அடியாக்கினால் அடியகலம் 78, பரப்பு 960. உயரம் இரண்டு மடங்கு, மண் ஏறக்குறைய மூன்று மடங்கு. நில அளவையில் மட்டம் ஒன்றிரண்டு அடி தப்பினால் ஒப்பந்தக்காரர் கணக்கு எப்படிக் கவிழும் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எங்கே அளப்பது? கரையிலா, மண் எடுத்த குழியிலா? புதுக்கரை அமுங்கும். அடிக்கு ஓரங்குலம் வீதம் கூடுதலாகப் போடச் சொல்வார்கள், 10 அடி கரை என்றால் 10 அடி 10 அங்குலம். அந்தப் பத்தங்குலத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பதில்தான் பாதிச் சண்டை. அதனால் குழியில் அளப்பது வழக்கமானது. குழி நடுவே தோண்டாமல் சின்ன மண்திட்டு ஒன்றை விட்டுவைப்பார்கள், பழைய தரைமட்டத்துக்குச் சாட்சியாக. புல் முளைத்த தலையோடு நிற்க வேண்டும். அந்தத் தலையை அப்படியே பெயர்த்து, அடியில் இரண்டங்குலம் மண் வைத்து, மறுபடி புல்லோடு மூடிவிட்டால் இரண்டடிக் குழியில் எட்டு சதவீதம் கூடுதல் கிடைக்கும். திட்டை மேட்டில் தேர்ந்தெடுத்து விடுவது இன்னொரு வித்தை. அளக்கிறவர் பக்கமும் யோக்கியமில்லை. குழி ஓரம் சரிந்ததைக் கழிப்பது, தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் தர வேண்டிய கூடுதலை மறப்பது, இழுபட்டு நீண்டுபோன சங்கிலியால் அளப்பது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்தோடு கணக்குப் பார்த்தால் யார் ஜெயிப்பார்?

ஒட்டர்கள் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். தெற்கிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் குடும்பத்தோடு வேலை இருக்கும் இடத்துக்குப் போனவர்கள், போர் காட்டிலும் இருந்தார்கள். நாள்கூலிக்கு வர மாட்டார்கள், துண்டு வேலைதான். குழி அளவில் அவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

கருங்கல்:
மண்வெட்டி சொன்னதை மலைக்கு மாற்றிப் படியுங்கள். அங்கே பாறையை இருந்த இடத்தில் அளந்தால் ஒரு கன கஜம். வெட்டிக் கொட்டினால் ஒன்றரை வரை உப்பும். எது கணக்கு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

இனி பாலம். சிக்னல்கை கேட்டதற்கு என் பதில்: ஆம், தொடர்பு உண்டு, ஆனால் ஃபேவியலின் குற்றம் என்று சுருக்கிவிட முடியாது.

உயரமான தூண் கட்டும்போது வெளிமுகம் செதுக்கிய கல். உள்ளே கரடுமுரடான உடைகல். முறைப்படி உள்ளே போகும் ஒவ்வொரு கல்லும் சாந்தில் படுக்க வேண்டும், இடுக்குகளில் சில்லுக் கல்லைச் சாந்தோடு அடித்து இறுக்க வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் முகத்திலிருந்து நெஞ்சுவரை பாயும் நீளக்கல் வேண்டும். அந்த நீளக்கல் இல்லாவிட்டால் முகச்சுவர் தனி ஓடு, உள்ளே தனிக் குவியல். வெளியே பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

பணமோ கன கஜத்துக்கு. முகக்கல் செதுக்க நாளாகும், உள்கல் கொட்ட நொடி போதும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை என்றால் கொத்தனாரை மேற்பார்க்கிறவன் எந்தப் பக்கம் அவசரப்படுவான்? மேற்பார்வைக்குக் கம்பெனிப் பொறியாளர் மைல்கணக்கான வேலைக்கு ஒருவர், அவரும் பாதி நாள் காய்ச்சலில்.

அடுத்தது சுண்ணாம்பு. சுத்தமான கொழுப்புச் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும். பத்தடி கனத் தூணின் நெஞ்சுக்குள் காற்று எங்கே போகும்? வருடக்கணக்கில் மாவாகவே கிடக்கும். சுர்க்கி, அதாவது நன்றாக வெந்த செங்கல் பொடி, சேர்த்து அரைத்தால் காற்றில்லாமலும் இறுகும். இல்லாவிட்டால் கங்கர், அதாவது மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கட்டியைச் சுட்ட சுண்ணாம்பு, எடுக்க வேண்டும். அரைப்பு போதாமல், சுர்க்கி அரைவேக்காடாக இருந்தால் பலனில்லை. மழைக்காலம் நெருங்கும்போது வளைவை மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் சாந்து காயும்முன் பாரம் ஏற்றினார்கள். பிறகு நாலு மழைக்காலம் மேலிருந்து தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த மாவைக் கரைத்தால் என்ன மிஞ்சும், வெறும் கல் குவியல்தானே. 1867-க்குப் பிறகு ஜி.ஐ.பி. பாதை முழுக்கப் பாலங்களைத் துளைத்துப் பார்த்தபோது இதே கோளாறு பல இடத்தில் வெளிப்பட்டது. நிறையப் பாலங்களைத் திரும்பக் கட்டினார்கள். அந்தச் செலவும் மூலதனத்தில் சேர்ந்து, அதற்கும் 5%.

தடம்_புரண்டவன்:
ஃபேவியல் விட்ட பிறகு யார் முடித்தார்கள் என்று யாருமே சொல்லவில்லையே. ஒரு பெண் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

பழைய_ஏடு:
உண்மை. இடையில் கொஞ்ச காலம் கம்பெனியே நடத்தியது. பிறகு சாலமன் ட்ரெட்வெல் எடுத்தார். இங்கிலாந்தில் பேர்போன ஒப்பந்தக் குடும்பம். 1859-ல் வந்து இறங்கிய சில வாரங்களிலேயே நோயில் இறந்துவிட்டார். மனைவி அலைஸ் ஒப்பந்தத்தைத் தன் பேரிலேயே தொடர்ந்தார். தளத்தில் நடத்தியவர்கள் ஆடம்சன், க்ளவுசர் என்ற இரண்டு மேலாளர்கள். இருவரும் முன்பே அந்த மலையில் வேலை பார்த்தவர்கள். அலைஸ் நேரில் நின்று பாறை உடைத்தார் என்கிற மாதிரி சுற்றும் பதிவுகளை நம்ப வேண்டாம். கையெழுத்து, பணப் பொறுப்பு, ஆள் தேர்வு, இதுதான் அவர் பங்கு. அதுவே அந்தக் காலத்துக்குச் சாதாரணமில்லை. 1863-ல் பாதை திறந்தது. போர் காட் ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பவுண்டு.

அப்படியே இன்னொரு பேர்: ஜாம்செட்ஜி தோராப்ஜி. பார்சிக்காரர், ஜி.ஐ.பி.யின் பல ஒப்பந்தங்களை எடுத்து ஒழுங்காக முடித்தவர். உள்ளூர் ஆட்களைத் திரட்டத் தெரிந்தவருக்குக் கப்பலில் வந்த ஆங்கிலேய மேஸ்திரிகளின் சம்பளச் சுமை இல்லை.

தடம்_புரண்டவன்:
அப்போ பெரிய ஒப்பந்தக்காரர் எல்லாம் இப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டார்களா? ஆங்கிலேய ஒப்பந்தக்காரர் பிராஸ்ஸி மாதிரி ஆட்கள் கொள்ளை லாபம் பார்த்ததாகத்தானே பேச்சு.

பழைய_ஏடு:
பிராஸ்ஸி உலகம் முழுக்கச் சம்பாதித்தவர், ஆனால் கல்கத்தாவிலிருந்து குஷ்டியா போகும் ஈஸ்டர்ன் பெங்கால் பாதையில் அவர் கூட்டு நஷ்டப்பட்டது. 112 மைல், 1862-ல் முடிந்தது. மலையே இல்லாத வண்டல் பூமி. கவிழ்த்தது கூலி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் ஒரே சமயத்தில் ஆள் தேட, கூலி ஏற, விலையோ முன்பே எழுதியாகிவிட்டது. ஜி.ஐ.பி.யின் இன்னொரு மலையேற்றமான தல் காட்டில் ஒப்பந்தக்காரர்கள் வைத்ஸ்–ஜாக்சன் பரவாயில்லை, அங்கே ஏற்றம் 972 அடிதான், 1865-ல் திறந்தார்கள்.

தெற்குவாசி:
எல்லாரும் பம்பாய், கல்கத்தாவிலேயே நிற்கிறீர்கள். சென்னைப் பக்கம் பெரிய ஆங்கிலேய ஒப்பந்தக்காரரே இல்லாமல் வேலை நடந்தது. 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்த மெட்ராஸ் ரயில்வே பாதையைத் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் பெரும்பாலும் கம்பெனி நேர்பார்வையில், சின்னச் சின்ன உள்ளூர் ஒப்பந்தக்காரர்களை வைத்தே போட்டார். பொன்னையாற்றுப் பாலத்தை வைத்து, மணல் ஆற்றில் செங்கல் கிணறு இறக்கிப் பாலம் கட்டும் முறை பற்றி லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் கட்டுரையே படித்தார். அந்த முறை நம் ஊரில் ஏற்கெனவே இருந்தது, அவர் கண்டுபிடித்தது இல்லை.

சிக்னல்கை:
கிணறு இறக்குவதை முறையாக விளக்க முடியுமா? கோட்டைச் சுவர், பாலம் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள், எப்படி என்று புரிந்ததில்லை.

தெற்குவாசி:
ஆறு வற்றும் மாதங்களில் தொடங்க வேண்டும். ஆற்று மணலை ஊற்றுமட்டம் வரை வாரிவிட்டு, அங்கே கனமான மரவளையம் வைக்க வேண்டும். வீட்டுக் கிணற்றுக்கு அடியில் வைக்கும் நெல்லிச் சட்டம்தான், பெரிய அளவில். அதன்மேல் வட்டமாகச் செங்கல் சுவர் நாலைந்து அடி. சாந்து இறுக விட வேண்டும், இங்கே அவசரப்பட்டால் பிறகு இறங்கும்போது சுவர் கிழியும்.

பிறகு உள்ளே இறங்கி மணலை வார வார, கிணறு தன் பாரத்தில் இறங்கும். மேலே இன்னொரு நாலடி கட்டு, மறுபடி வாரு. தண்ணீர் ஆழமானதும் ஆள் முங்கி, நீளக்கம்பு கட்டிய பெரிய மண்வெட்டி போன்ற கருவியைக் கால்களால் மணலில் அழுத்த, மேலே இருப்பவர்கள் கயிற்றால் இழுப்பார்கள். வடக்கே அதை ஜாம் என்பார்கள். கிணறு அடம்பிடித்தால் தலையில் தண்டவாளங்களை அடுக்கிப் பாரம் ஏற்றுவார்கள்.

என்ன கெடும்? ஒன்று, சாய்வு. ஒரு பக்கம் களிமண், மறுபக்கம் மணல் இருந்தால் மணல் பக்கம் முதலில் இறங்கும். உயர்ந்து நிற்கும் பக்கம் அடியில் வார வேண்டும், பாரத்தையும் அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். நேராகும் வரை மேலே ஒரு வரிசை செங்கல்கூடக் கட்டக் கூடாது. சாய்ந்த கிணற்றின் மேல் தூக்குக்குண்டு வைத்து நேராகக் கட்டினால் சுவர் முழங்கை மாதிரி வளைந்து, அடுத்த இறக்கத்தில் ஒடியும். இரண்டு, தண்ணீரை இறைப்பது. சீக்கிரம் முடிக்க ஆசைப்பட்டு உள்ளே வற்ற இறைத்தால் வெளித் தண்ணீர் அழுத்தி மணலோடு கீழிருந்து பொங்கும். ஒரே இரவில் பல அடி மணல் உள்ளே ஏறும், பக்கத்துக் கிணறும் அசையும். இறைக்காமல் வாருவதே பாதுகாப்பு. மூன்று, முதல்கால அனுபவக் குறைவால் ஆழம் போதாமல் நிறுத்தியது. வெள்ளத்தில் ஆறு தூண் அருகே எவ்வளவு பறிக்கும் என்பதை வற்றிய ஆற்றைப் பார்த்துத் தீர்மானித்தால் அடுத்த பெருவெள்ளம் கணக்கைத் திருத்தும்.

ஆழம் வந்ததும் அடியைச் சுண்ணாம்புக் காங்கிரீட்டால் அடைத்து, உள்ளே நிரப்பி, கிணறுகளுக்குத் தலையில் வளைவு போட்டு இணைத்து, அதன்மேல் தூண்.

கருங்கல்:
அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இந்த வேலையை மொத்த விலைக்கு ஒப்பந்தம் விட முடியாது. ஒரு கிணறு பத்து நாளில் இறங்கும், அடுத்தது ஒரு பாறைத்துண்டின் மேல் உட்கார்ந்து மாதக்கணக்கில் நகராது. புரூஸ் ஒப்பந்தக்காரரைத் தவிர்த்ததில் சிக்கனம் மட்டுமல்ல, இந்த நியாயமும் இருக்கிறது.

மண்வெட்டி:
ஆனால் நேர்பார்வை முறையைச் சொர்க்கமாக்க வேண்டாம் தெற்குவாசி அண்ணே. சின்ன ஒப்பந்தக்காரர் முதல் இல்லாதவர். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளைக் காணோம் என்பது சாதாரணம். நஷ்டம் வந்தால் பெரியவர் கோர்ட்டுக்குப் போவார், சின்னவர் இரவோடு இரவாகப் போவார். இரண்டிலும் கூலிக்காரருக்குப் பாக்கிதான்.

தடம்_புரண்டவன்:
ஸ்லீப்பர் கட்டைகளை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது நிஜமா? இங்கே காட்டுக்கா பஞ்சம்?

தெற்குவாசி:
நிஜம். மரம் கெடாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய பால்டிக் பைன் கப்பலில் வந்தது. இங்கத்திய மரத்தில் தேக்கு, சால், தேவதாரு தாங்கும், மற்றவை கறையானுக்கு. தாங்கும் மரம் இருந்த காட்டிலிருந்து வழி இல்லை, வழி போட ரயில் வேண்டும். அதனால்தான் கவிழ்த்த சட்டி மாதிரி வார்ப்பிரும்புத் தாங்கிகளும் நிறைய இறக்குமதியாயின. சரளையில்லாத களிமண்ணில் அவை நன்றாக உட்காராது, தடம்புரண்டால் நொறுங்கும்.

தண்டவாளத்திலும் ஒரு ஏமாற்றம் உண்டு. மேலும் கீழும் ஒரே மாதிரித் தலையுள்ள தண்டவாளம், ஒரு பக்கம் தேய்ந்தால் புரட்டிப் போடலாம் என்று வாங்கினார்கள். தாங்கியில் உட்கார்ந்த இடமெல்லாம் அடித்தலை பள்ளம் விழுந்திருந்தது. புரட்டினால் வண்டி தடதடக்கும். தண்டவாளத்தை இறுக்கும் மர ஆப்பும் நம் வெயிலில் சுருங்கிக் கழன்று விழும், தினம் ஒருவர் சுத்தியலோடு நடக்க வேண்டும்.

சிக்னல்கை:
கடைசியாக ஒன்று. ஃபேவியல் அதோடு முடிந்தாரா?

பழைய_ஏடு:
இல்லை. இலங்கையில் கொழும்பு–கண்டி பாதையைப் போட்டவர் அவரேதான். 1863-ல் தொடங்கி 1867-ல் கண்டியைத் தொட்டார். அங்கேயும் கடுகண்ணாவ மலையேற்றம், 45-க்கு 1, ஏறக்குறைய 12 மைல். ஆனால் உத்தரவாதக் கம்பெனி நடுவில் இல்லை. முதலில் இருந்த கம்பெனியை 1861-லேயே கலைத்துவிட்டு அரசு நேரடியாக எடுத்திருந்தது, தலைமைப் பொறியாளர் மோல்ஸ்வொர்த். அளப்பவரும் பணம் தருபவரும் ஒரே தரப்பு, மாட்டிக்கொண்டால் கேட்க லண்டனில் ஒரு இயக்குநர் குழு வரை போக வேண்டியதில்லை. அந்த ஏற்றத்தை அவர் பாதியில் விடவில்லை.

மண்வெட்டி:
ஏடு, கடுகண்ணாவ அளவு முறை பற்றித் தனி இழை போடுங்கள். அங்கே தோட்டத்துரைகளும் அதே ஆட்களுக்காகப் போட்டி போட்டதால் கூலிக் கணக்கு வேறு மாதிரி வரும், இதில் கலந்தால் குழம்பும்.